வழக்கு முடிந்த செய்தி யார் பொறுப்பு? கொங்கு மாவட்டங்களின் நீதிமன்ற, காவல், சிறை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களின் முதன்மை மாவட்ட நீதிபதிகள், மாநகரக் காவல் ஆணையர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள், கோவை மற்றும் சேலம் மத்திய சிறைக் கண்காணிப்பாளர்கள், குற்ற வழக்குத் தொடர்வுத் துறை அலுவலர்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இந்த மண்டலத்துக் குற்றவியல் நீதிமன்றங்களில் எழுத்தராகச் சேர்ந்து, அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தாராக ஓய்வுபெற்றவன் நான். இப்போது சட்டத் தன்னார்வலராகச் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வருகிறேன். ஒரு வழக்கு காவல் நிலையத்தில் தொடங்கித் தீர்ப்பில் முடியும் வரை எந்தெந்த மேசையைக் கடக்கிறது, எந்தெந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதைக் கண்கூடாகப் பார்த்தவன் என்ற முறையில், தங்கள் அனைவரிடமும் ஒரே ஒரு விஷயத்தை முன்வைக்க விரும்புகிறேன். ஒருவர்மீது குற்றச்சாட்டு எழுந்த செய்தி இன்று துறை விட்டுத் துறைக்கு நிமிடக் கணக்கில் போய்விடுகிறது. அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடியானதோ, பிடிவாரண்டு திரும்பப் பெறப்பட்டதோ, பிணை கிடைத்ததோ, விடுதலைத் தீர்ப்பு வந்ததோ அதே வேகத்தில் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்கும் பெயர் சொல்லக்கூடிய அலுவலர் ஒருவர் எந்தத் துறையிலும் இல்லை.

கணினி வருவதற்கு முந்தைய காலமே நன்றாக இருந்தது என்று சொல்லும் ஆள் நான் அல்லன். 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின், நாட்டின் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009இல் ஒப்புதல் கிடைத்தது. அதன்மேல் எழுந்த ஐ.சி.ஜே.எஸ். கட்டமைப்பு காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல், அரசு வழக்கு நடத்துதல் ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பேச வைக்க முயல்கிறது. அதன் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 2022–23 முதல் 2025–26 வரையிலான காலத்துக்கு 3,375 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அரசு 2022இல் முடிவெடுத்தது. ஒரு தகவலை ஒருமுறை பதிந்தால் போதும், மற்றத் துறைகள் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஒரே முறை பதியப்படும் தகவல் தப்பாகவோ பாதியாகவோ பதியப்பட்டால் அந்தத் தப்பும் பாதியும் ஐந்து துறைக்கும் ஒரே நேரத்தில் போகும் என்பது அதன் மறுபக்கம். பழைய காலத்தில் ஒரு பதிவேட்டில் தவறு இருந்தால் இன்னொரு பதிவேடு அதைக் காட்டிக்கொடுத்தது. இப்போது காட்டிக்கொடுப்பதற்கு இரண்டாவது பதிவேடு இல்லை.

காவல் நிலையத்தில் பதிவேடுகளை எழுதும் ரைட்டர்கள் அனைவரும் அறிந்த ஒன்றைக் குறிப்பிடுகிறேன். சி.சி.டி.என்.எஸ்.இல் ஒரு வழக்குக்கு ஏழு ஒருங்கிணைந்த புலனாய்வுப் படிவங்கள் உண்டு. முதல் தகவல் அறிக்கை ஒன்று, குற்ற விவரம் இரண்டு, கைது மூன்று, பொருள் கைப்பற்றுதல் நான்கு, இறுதி அறிக்கை ஐந்து. நீதிமன்ற முடிவு ஆறாவது, மேல்முறையீட்டின் முடிவு ஏழாவது. முதல் ஐந்தும் தத்தம் நாளில் நிரம்பியாக வேண்டும். நிரம்பாவிட்டால் அடுத்த வேலை நடக்காது, மேலதிகாரி கேட்பார், நீதிமன்றமும் கேட்கும். ஆறாவதும் ஏழாவதும் நிரம்பாவிட்டால் யாருடைய வேலையும் நிற்பதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, புலனாய்வு அதிகாரி மாறிப்போய்விட்டார், ரைட்டருக்கு அன்றைக்குப் புது வழக்கு நாலு வந்திருக்கிறது. படிவம் காலியாக இருப்பதால் பாதிக்கப்படும் ஒரே மனிதர் அந்தப் படிவத்தைப் பார்க்கவே முடியாதவர்.

இதை நீதிமன்றத்தின் பக்கமிருந்தும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி முழுவதையும் காவல் நிலையத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. வெட்டுக்குத்து வழக்கு ஒன்றின் ஆவணக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் அதற்குக் குற்ற எண் ஒன்று. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அது கோப்புக்கு எடுக்கப்படும் வரை அதற்கு நீதிமன்றத்தில் எண்ணே கிடையாது. அந்த இடைவெளி சில நீதிமன்றங்களில் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் நீளும். எண் விழுந்ததும் அது பி.ஆர்.சி. (ஆரம்பப் பதிவேட்டு வழக்கு) ஆகிறது; அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதும் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண் பெறுகிறது, இவை எல்லாவற்றுக்கும் மேலே நீதிமன்றங்களின் கணினித் திட்டமான இ-கோர்ட்ஸின் சி.என்.ஆர். எண் பதினாறு எழுத்தும் இலக்கமுமாக நிற்கிறது. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஐந்து பேரில் ஐந்தாமவர் தலைமறைவானால் அவருடைய வழக்கைப் பிரித்துப் புது எண் கொடுப்போம். முதல் நால்வரும் விசாரணையைச் சந்தித்து விடுதலை ஆகிவிடுவார்கள். பிரிக்கப்பட்ட வழக்கு ஐந்தாமவருக்காகக் காத்திருக்கும். இப்போது காவல் நிலையத்தின் குற்ற எண்ணைத் தட்டினால் என்ன தெரியும்? வழக்கு நிலுவையில் இருப்பதாகத் தெரியும், ஐந்து பேருக்குமே. நீதிமன்ற மென்பொருளில் வழக்கை ஏற்றும்போது காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றும் சரியாக இடப்பட்டிருந்தால்தான் இரு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் காணும். பிரிக்கப்பட்ட வழக்குகளிலும், எண் மாறிய வழக்குகளிலும், அதிகார எல்லை மாற்றத்தால் புது நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளிலும் இந்த மூன்றில் ஒன்றாவது விடுபட்டுப்போவது அபூர்வமன்று. இதைச் சரிபார்க்கச் சொல்லி நீதிமன்ற அலுவலகத்துக்குத் தனிப்பட்ட கடமை ஏதும் வகுக்கப்படவில்லை. முடிவுற்ற வழக்குகளின் எண்ணிக்கையைத்தான் மாதந்தோறும் கேட்கிறார்கள், முடிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கேட்பதில்லை.

பிடிவாரண்டு விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவரின் சட்டைப்பையில், ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் மடித்த காகிதம் ஒன்று இருக்கிறது. வாய்தாவுக்கு வராததால் பிறப்பித்த பிடிவாரண்டை நீதிமன்றம் திரும்பப் பெற்ற உத்தரவின் சான்று நகல் அது. வடநாட்டு நடை போய்த் திரும்பும் வேலையில் வாய்தா தவறுவது இவரைப் போன்றவர்களுக்குப் புதிதல்ல. தவறியதும் வழக்கறிஞரை வைத்து மனுப் போட்டு, நேரில் நின்று ரீகால் வாங்கியும்விடுகிறார்கள். ஆனால் ரீகால் உத்தரவு நீதிமன்றத் தபாலில் ஏறி, கோர்ட் ஏட்டின் பையில் போய், நிலையத்தின் வாரண்டுப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிக்கப்படும் வரை வாரண்டு உயிரோடுதான் இருக்கிறது. வாரண்டு நிறைவேற்றும் சிறப்பு நடவடிக்கை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் பழைய பட்டியலைத்தான் அச்செடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். இரவில் வீட்டு வாசலில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்: “அது ரீகால் ஆயிப்போச்சுங்க ஏட்டய்யா, ஆர்டர் கையிலயே இருக்குதுங்க.” “லிஸ்ட்ல இன்னும் நிக்குதே தம்பி, ஸ்டேஷனுக்கு வந்து அய்யாகிட்டயே சொல்லிக்க.” இதில் ஏட்டு கெட்டவரல்லர். அவர் கையிலிருக்கும் தாள் சொல்வதை அவர் செய்கிறார். குடிமகன் தன் நிரபராதித்துவத்துக்கான சான்றைத் தானே சுமந்து திரிய வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பெயர் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. கோபி வட்டத்தில் ‘பழனிசாமி, தகப்பனார் பெயர் ராமசாமி’ என்று தேடினால் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பலாம். இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. தமிழில் ஒரு விதம், ஆங்கில எழுத்தில் மூன்று விதம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசாக்காரரின் பெயரோ, மொழிபெயர்க்க ஆளில்லாத நேரத்தில் நிலையத்தில் காதில் விழுந்தபடி பதியப்பட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த தேசிய தானியங்கி விரல்ரேகை அமைப்பு ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் கொடுப்பது இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரல்ரேகை ஆளைத்தான் அடையாளம் காட்டும், அவர்மீதிருந்த வழக்கு என்னவாயிற்று என்பதைக் காட்டாது. ஆறாவது படிவம் காலியாக இருந்தால், சரியான ஆளின் மீது தப்பான தகவலை இன்னும் உறுதியாக ஒட்டிவைப்பதற்கே அந்த எண் உதவும்.

இதெல்லாம் அலுவலகச் சிக்கல்தானே, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று தங்களில் சிலர் நினைக்கக்கூடும். 2024 ஜூலை 1 முதல் அப்படி நினைப்பதற்கு இடமில்லை என்பது என் கருத்து. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைப் பாருங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதி பிணையில் விடுவிக்கப்பட வேண்டும்; முன்னர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்திருந்தாலே போதும். அதற்கான காலம் நிறைவடைந்ததும் உடனே நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பதை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றத்திலோ பல வழக்குகளிலோ புலனாய்வோ விசாரணையோ நிலுவையில் இருப்பவரை இந்த வழியில் விடக்கூடாது என்கிறது.

இப்போது கோவை மத்திய சிறையில் இருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் பீகாரிலிருந்து வந்த தொழிலாளி. அவர் முன்பு தண்டிக்கப்பட்டவரா என்பது சிறைக் கண்காணிப்பாளருக்கு எப்படித் தெரியும்? அவருடைய சொந்த மாவட்டத்துப் பதிவிலிருந்துதான் தெரிய வேண்டும். அவர்மீது வேறு வழக்கு நிலுவையில் உள்ளதா என்பதும் கணினித் திரையில் வரும் ஒரு வரியிலிருந்துதான் தெரிய வேண்டும். எப்போதோ விடுதலையான ஓர் அடிதடி வழக்கு அங்கே நிலுவை என்று நின்றால், மூன்றில் ஒரு பங்கும் இல்லை, பாதியும் இல்லை. முன்பெல்லாம் தகவல் தேங்கினால் பாஸ்போர்ட் தாமதமாகும், வேலைக்கான சரிபார்ப்பு இழுத்தடிக்கும். இப்போது அந்தக் காலிப் படிவமே ஒருவரைச் சிறைக்குள் வைத்திருக்கும் சட்டக் காரணமாகிவிடுகிறது. கண்காணிப்பாளர் திரையில் கண்டதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தால் அது குறித்து ஓர் உத்தரவுகூடப் பிறக்காது. மேல்முறையீடு செய்ய ஓர் ஆவணமும் இருக்காது. ஆகவே விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று கண்காணிப்பாளர் முடிவெடுக்கும் ஒவ்வொரு கைதியின் விஷயத்திலும், எந்த வழக்கின் பதிவைக் கொண்டு அப்படி முடிவெடுத்தார் என்பதைக் குற்ற எண்ணோடு எழுதி, அதன் நகலைக் கைதியிடமும், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடமும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். நீதிமன்றத்தில் அந்தக் கட்டைத் தேடிப் பிடிப்பதற்கு எங்களைப் போன்ற பழைய ஆட்கள் இருக்கிறோம்.

பிணை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31இல் பிறப்பித்த வழிகாட்டுதலின்படி, பிணை வழங்கிய நீதிமன்றம் அன்றோ மறுநாளோ உத்தரவின் மென்நகலைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பிணை கிடைத்த நாளைச் சிறைகளுக்கான இ-பிரிசன்ஸ் மென்பொருளில் பதிய வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையே தாமதத்துக்குக் காரணமாகும்போது அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பல்லடத்து விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவருக்கு வீட்டு வரி ரசீதோடு ஜாமீன் நிற்க யார் வருவார்? உத்தரவு மின்னஞ்சலில் பறந்துவிடுகிறது. ஜாமீன்தாரர் வராததால் கைதி உள்ளேயே இருக்கிறார். ஏழாம் நாள் போக வேண்டிய தகவல் தவறாமல் போகிறதா என்பதை முதன்மை மாவட்ட நீதிபதி அவர்கள் மாதம் ஒருமுறையாவது இ-பிரிசன்ஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகாதது ஒரு குறை என்றால், போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போவது இன்னொரு குறை. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன்மீது என்ன வழக்கு என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இணைப்புக் கிடைக்காத இடங்களுக்கு 48 மணி நேரமும், நில அமைப்பால் எட்டாத இடங்களுக்கு 72 மணி நேரமும் அனுமதித்தது. நம் பர்கூர் மலையையும் தாளவாடியையும் வால்பாறையையும் போன்ற இடங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தும். பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளை ஏற்றக்கூடாது என்றும் அதே உத்தரவு கூறியது. குடிமகனின் பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் அறிக்கை ஏறிய அதே இடத்தில் ‘இவ்வழக்கில் இன்னார் இன்ன தேதியில் விடுதலை’ என்ற ஒரு வரியும் ஏற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கப்படும் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகள், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. அது சரியா என்ற விவாதம் வேறு. விடுதலை ஆனதே பதியப்படாதபோது எந்த வகை விடுதலை என்று விவாதிக்கும் கட்டத்துக்கே நாம் வருவதில்லை. தீர்ப்பில் விடுதலையானவரின் பெயரை மறைத்து வெளியிடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அளித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. நான் கேட்பது பெயரை மறைக்கச் சொல்வதைவிட மிகச் சிறியது: முடிவை எழுதுங்கள் என்பது மட்டும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். அதிகாரப்பூர்வமான வழி மெதுவாக இருப்பதால், கோர்ட் ஏட்டு உத்தரவைப் படமெடுத்து நிலையக் குழுவில் போடுகிறார். அதனால் சில சமயம் ஒருவர் ஓர் இரவு முன்னதாகவே வீடு திரும்புகிறார். அதே கைபேசியில், கைதானவரின் படமும் பெயரும் ஊரும் தகப்பனார் பெயரும் செய்தியாளர் குழுவுக்கும் போகின்றன. அதில் பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒருவனின் படம் தப்பித்தவறிப் போய்விட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுத்ததை ஒரு விரல் தட்டல் செய்து முடித்துவிடுகிறது. அந்தக் குழுக்களைத் தடை செய்யுங்கள் என்று கேட்டால் நடக்காது. அவை செய்யும் பயனுள்ள வேலையை வேறு எதுவும் இன்று செய்யவில்லை. நிலைய அளவில் எந்தத் தகவலை எந்தக் குழுவில் போடலாம், யார் போட்டார் என்ற பதிவு எங்கே இருக்கும் என்பதை எழுத்தில் வைத்து, அதை மீறியவரிடம் விளக்கம் கேளுங்கள் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்த கோரிக்கை.

சட்டம் இந்த விஷயத்தில் குடிமகனுக்கு அதிகம் தரவில்லை என்பதால்தான் தங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் குற்றத்தைத் தடுக்கவும் கண்டறியவும் புலனாய்வு செய்யவும் வழக்கு நடத்தவும் கையாளப்படும் தகவலுக்கு அந்த உரிமை இல்லை என்று 17ஆவது பிரிவு விலக்கு அளித்துவிட்டது. விலக்கிலும் விடாமல் பிடித்துவைத்த கடமைகளில் ஒன்று தகவலைப் பாதுகாப்பாக வைத்திருப்பது. அந்தக் கடமையின் அருமை 2024 மே மாதத்தில், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளம் காணும் மென்பொருளுக்குள் வெளியார் ஊடுருவியபோது தெரிந்தது. 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டமோ, விரல்ரேகை போன்று எடுத்த அளவீடுகளை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. முன்பு தண்டிக்கப்படாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, விடுதலை பெற்று மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாத வரை, அவருடைய அளவீடுகளை அழித்துவிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் விதிகளின்படி அழிக்கக் கோரும் மனுவை மாநில அரசு நியமித்த பொறுப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் யார், அவருடைய அலுவலகம் எங்கே என்பதைத் தங்கள் மாவட்டத்தில் எந்தக் காவல் நிலைய அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள்?

சரி, யாரைப் பொறுப்பாக்குவது? புதிதாக ஒரு பதவியை உருவாக்கச் சொல்ல வேண்டியதில்லை. வழி சட்டத்திலேயே பாதி இருக்கிறது. சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார் ஆய்வாளர் பதவிக்குக் குறையாத ஓர் அலுவலரைப் பெயர் குறித்து நியமித்து, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரித்துக் காட்சிப்படுத்தும் பொறுப்பை அவரிடம் தரச் சொல்கிறது. கைதுத் தகவலுக்குப் பொறுப்பான அலுவலரைச் சட்டம் பதவி வரையில் குறிப்பிட்டுவிட்டது. அதே அலுவலரிடம் ஆறாவது, ஏழாவது படிவங்களையும் வாரண்டுப் பதிவேட்டின் ரீகால் பத்தியையும் ஒப்படைக்க, காவல் ஆணையரும் கண்காணிப்பாளரும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நீதிமன்றத்தில் அதற்கு இணையாக ஓர் எழுத்தரை நியமித்து, அன்றன்றைக்கு முடிந்த வழக்குகள், திரும்பப் பெற்ற வாரண்டுகள், வழங்கிய பிணைகள் ஆகியவற்றின் பட்டியலைக் குற்ற எண்ணோடு மறுநாள் மாலைக்குள் அனுப்பச் சொல்லலாம். பிரிக்கப்பட்ட வழக்கானால் எந்தெந்த எதிரிக்கு வழக்கு முடிந்தது என்பதைப் பெயர் வாரியாக எழுத வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் தலைமதகைத் திறந்ததோடு நீர்வளத் துறையின் வேலை முடிவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்க வாய்க்கால் ஊழியரான லஸ்கர் நடந்துபோகிறார். தகவலுக்கும் அப்படி ஒருவர் கடைமடை வரை போய்ப் பார்க்க வேண்டும்.

கேட்டு வாங்கும் இடம் எது என்பதற்கும் புதுக் குழு வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்வது அங்கேதான். முடிந்தும் நிலுவையில் நிற்கும் பதிவுகள் எத்தனை, திருத்தக் கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனை மனுக்கள் எத்தனை நாளில் தீர்க்கப்பட்டன என்ற மூன்று கேள்விகளை அந்தக் குழுவின் நிரந்தர நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள். மனுவை எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கும் விடை ஒன்றாக இருக்கட்டும்: சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம். நீதிமன்றத்துக்குப் போ என்று காவல் நிலையமும், காவல் நிலையத்துக்குப் போ என்று நீதிமன்றமும் அலையவிடும் நிலையை அது ஒன்றே நிறுத்தும்.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்பதை அறிவேன், அது உண்மையும்கூட. கோர்ட் டூட்டிக்குப் போகும் ஏட்டு அதே நாளில் பந்தோபஸ்துக்கும் போகிறார். ஆனால் ரீகால் ஆன வாரண்டுக்காக இரண்டு காவலர் இரவில் சங்ககிரிக்குப் போய்வரும் நேரத்தில் எத்தனை படிவங்களை நிரப்பியிருக்கலாம் என்ற கணக்கையும் போட வேண்டும். மென்பொருள் டெல்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கையில் இருக்கிறது, மாவட்டத்தில் என்ன செய்ய முடியும் என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். மென்பொருள் அங்கே இருக்கலாம்; அதில் ஏறும் ஒவ்வொரு எழுத்தும் இங்கே, தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட மேசைகளில்தான் தட்டப்படுகிறது.

புகார் கொடுத்தவர் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறேன். புலனாய்வின் நிலையை 90 நாளுக்குள் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 193ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. ஈமுக் கோழிப் பண்ணையில் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் நம் மண்டலத்தில் எத்தனையோ உண்டு. வழக்கு பொருளாதாரக் குற்றப்பிரிவிலா, முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழான சிறப்பு நீதிமன்றத்திலா, முடக்கிய சொத்து வருவாய் அலுவலரிடமா என்று தெரியாமலேயே அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். துறைகளுக்குள் தகவல் பரிமாறும் எந்த ஏற்பாட்டிலும் இவர்களுக்கான சன்னல் ஒன்றும் இருந்தாக வேண்டும்.

அடுத்த மறுஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரே ஒரு காவல் நிலையத்தையும் அது சார்ந்த நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் முடிந்த வழக்குகளின் கட்டுகளைச் சி.சி.டி.என்.எஸ். பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீதிமன்றப் பக்கம் ஓய்வுபெற்ற சிரஸ்தார்களும் எழுத்தர்களும் ஊதியமின்றி அந்த வேலைக்கு வரத் தயாராக இருக்கிறோம். ஒப்பீட்டின் முடிவை, எவருடைய பெயரும் இல்லாமல், எண்ணிக்கையாக மட்டும் நீதிமன்ற வளாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இந்த மடலுக்கு அதுவே பதிலாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சிரஸ்தார்,
ஈரோடு மாவட்டம்.